"அடுத்த வருஷம் வந்துடும்" என்று லுக்பான்காரரிடம் ஏன் சொல்லக்கூடாது?

நீங்கள் கேட்டதை, படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ அக்கா, 2020 மே மாதம், சர்க்கியூட் பிரேக்கர் என்ற கொரோனா அடைப்பு நடந்துகொண்டிருந்தபோது, தன் ஊர் லுக்பானில் பஹியாஸ் திருவிழா நடக்கவில்லை என்று சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அழுதார். "அடுத்த வருஷம் வந்துடும் அக்கா" என்று ஆறுதல் சொன்னீர்கள். அழுகை கூடிப்போனது. இன்றைக்கும் மே மாதம் வந்தால் அந்தப் பேச்சை எடுக்கிறார். "உலகமே செத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு திருவிழாவுக்கா இவ்வளவு? நான் என்ன தப்பாகச் சொன்னேன்?" என்பது உங்கள் கேள்வி.

நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் லுக்பானைப் பொறுத்தவரை "அடுத்த வருஷம்" என்ற ஆறுதல் செல்லாது. அங்கே திருவிழா வருஷா வருஷம் வரும், ஒரு வீட்டின் வாசலுக்கு மட்டும் வருஷா வருஷம் வராது. ஊர்வலம் போகும் வழியை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவார்கள், எல்லாத் தெருவுக்கும் முறை கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஒரு முறை வந்து போன தெரு மறுபடி தன் முறைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கும். முறை வரும் ஆண்டில்தான் அந்த வீடு முழுசாக அலங்கரித்துக்கொள்ளும். அந்த ஆண்டைக் கணக்கு வைத்துத்தான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் லீவு சேர்ப்பார்கள், பணம் சேர்ப்பார்கள். அந்த அக்காவின் வீட்டுக்கு 2020 முறையாக இருந்திருந்தால், அவர் அழுததற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நான் பதினோரு ஆண்டு பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் குடியிருந்தவன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் அது. நம் அப்பா தாத்தா காலத்தில் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20, ஐ.ஆர்.36, ஐ.ஆர்.50 என்று வயலில் இறங்கிய நெல்லெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். அதனால் அந்த ஊர்க்காரர்கள் தமிழர்களைக் கண்டு ஆச்சரியப்படுவதில்லை. அங்கிருந்து பக்சன்ஹான், லுயிசியானா வழியாக மலைப்பாதையில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லுக்பான். பனஹாவ் மலையின் அடிவாரம், குளிர்ந்த ஊர், அடிக்கடி மழை. 'லுக்பான்' என்றால் அவர்கள் மொழியில் பம்பளிமாஸ் பழம். மே மாதம் தோறும் அங்கே போவது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. போகும்போதெல்லாம் ஒரே வீட்டில்தான் தங்குவேன். அந்த வீட்டுப் பாட்டியை நானும் லோலா என்றுதான் கூப்பிடுவேன். லோலா என்றால் பாட்டி.

பஹியாஸ் என்பது சான் இசித்ரோ லப்ரதோர் என்னும் உழவர்களின் புனிதருக்கு எடுக்கும் விழா. நாள் மே 15. அவர் ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் பண்ணையாளாக ஏர் ஓட்டியவர், 1622-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் ஜெபத்தில் இருக்கும்போது வானதூதர்கள் வந்து அவருடைய ஏரை ஓட்டினார்கள் என்பது கதை. அந்தக் காலத்தில் உழவர்கள் தங்கள் விளைச்சலைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பாதிரியாரிடம் ஆசி வாங்குவார்களாம். விளைச்சல் பெருகிக் கோவிலில் இடம் போதாமல் போனபோது, அவரவர் வீட்டு முன்னாலேயே வைத்துவிடுங்கள், பாதிரியார் வந்து ஆசி தருவார் என்று ஆயிற்று. ஊரில் வழிவழியாகச் சொல்லும் விவரம் இது. சாமி வீட்டுக்கு வரும் விழா என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். வீதிஉலாவில் தேர் நம் வாசலில் நிற்கும்போது ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும் அல்லவா? அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அங்கேயும் எல்லாம்.

வீட்டின் முகப்பு முழுவதும் நெற்கதிர், வாழைக்குலை, தேங்காய், பாகற்காய், பரங்கிக்காய், தக்காளி. உழவர் வீடு இல்லையென்றால் அந்த வீட்டுத் தொழில் எதுவோ அது தொங்கும். தொப்பி பின்னுகிறவர் வீட்டில் பனையோலை நார்த் தொப்பிகள், லொங்கனிசா செய்கிறவர் வீட்டில் பூண்டு வாசம் அடிக்கும் அந்தச் சின்ன இறைச்சிக் குழல்கள் சரம் சரமாக. இவற்றுக்கெல்லாம் மேலே, தூரத்திலிருந்தே கண்ணைப் பிடிப்பது கிப்பிங்.

கிப்பிங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இழப்பின் பாதி அதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இலை வடாம் போட்டிருந்தால் உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்ததுபோலத்தான். அரிசியை ஊறவைத்து அரைத்து, மாவில் நிறம் கலந்து, இலையின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உரித்தெடுப்பார்கள். இலையின் நரம்பெல்லாம் அப்படியே மாவில் பதிந்திருக்கும். நாம் அதை வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு எண்ணெயில் பொரிக்கிறோம். அவர்கள் அடுக்கி, மேலே கனம் வைத்து அழுத்தித் தட்டையாக்கி, நூற்றுக்கணக்கில் கோத்து, அராங்யா என்னும் பெரிய சரவிளக்குபோல வாசலில் தொங்கவிடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. காலை வெயில் பின்னாலிருந்து அடித்தால் கோவில் சன்னலின் நிறக்கண்ணாடி மாதிரி இருக்கும். விழா முடிந்தபின் அதையும் பொரித்துத் தின்னலாம்.

கபால் என்று ஒரு காட்டு இலை, கொக்கோ இலை, காப்பி இலை, பனாபா, தலிசாய் (நம் ஊரில் நாட்டு வாதுமை என்போமே, அந்த மரம்) என்று பல இலைகள் உண்டு. ஓட்டை இருக்கக்கூடாது, பூச்சி அரித்திருக்கக்கூடாது, நரம்பு புடைத்திருக்க வேண்டும். மாவு கெட்டியாக இருந்தால் கிப்பிங் தடிக்கும், வெளிச்சம் ஊடுருவாது. நீர்த்திருந்தால் உரிக்கும்போது கிழியும். மாவின் பதத்தை லோலா விரலில் தொட்டுத்தான் சொல்வார். எத்தனை கிண்ணத்துக்கு எத்தனை என்று நான் ஒருமுறை குறிப்பெடுக்கப் பார்த்தேன். அரிசிக்கு அரிசி மாறும், மழைநாளில் ஒன்று, வெயில்நாளில் ஒன்று என்றார். ஆராய்ச்சி நிலையத்தில் அரிசியின் மாவுச்சத்தை அளக்கக் கருவிகள் இருந்தன, அவர் விரல் சொன்னதைத்தான் அவையும் சொல்லும். இந்தப் பதம் எழுத்தில் ஏறாது. கூடவே உட்கார்ந்து, கிழித்து, திட்டு வாங்கி வரவேண்டியது. அதற்கான நேரம் முறை வரும் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்கள்தான். பத்து வயதில் ஒரு முறை, பதினைந்து, பதினாறில் ஒரு முறை. ஒரு பிள்ளை இந்தக் கையை வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வளவே. அதில் ஒன்று போனால் எத்தனை போனது என்று பாருங்கள்.

இனி 2020-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி 30-ல் பிலிப்பைன்ஸில் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். பிப்ரவரி 2-ல் சீனாவுக்கு வெளியே பதிவான முதல் கொரோனா மரணம் அங்கேதான். மார்ச் 17 முதல் லூசான் தீவு முழுவதும் அடைப்பு. ஜீப்னி நின்றது, பஸ் நின்றது, ஒவ்வொரு ஊர் எல்லையிலும் சோதனைச் சாவடி. வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள், அந்தச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும் காய்கறி வாங்கப் போகலாம். இருபத்தோரு வயதுக்குக் கீழேயும் அறுபதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வெளியே வரக்கூடாது. இந்த வயது வரம்பைப் படித்தபோது எனக்கு லோலாவும் அவருடைய பேரனும்தான் நினைவுக்கு வந்தார்கள். கிப்பிங் கற்றுக்கொடுக்கும் வயதும் கற்றுக்கொள்ளும் வயதும் துல்லியமாக அந்த இரண்டு ஓரங்கள்தான்.

ஒரு விவரம் என்னை விட்டுப் போகவே இல்லை. மணிலாவிலும், லாஸ் பான்யோஸ் இருக்கும் லகுனா மாகாணத்திலும் அந்தக் கடும் அடைப்பை நீட்டி நீட்டி, கடைசியாக எந்தத் தேதிவரை என்று அறிவித்தார்கள் தெரியுமா? மே 15 வரை. வேறு ஏதோ கணக்கில் வந்த தேதிதான். ஆனால் லாஸ் பான்யோஸ் வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு அதைப் படித்ததும் தொண்டை அடைத்தது. சான் இசித்ரோவின் நாள் அடைப்பின் கடைசி நாளாக வந்து நின்றது.

அந்த ஆண்டு ஊர்வலம் தங்கள் தெரு வழியே வரும் என்று லோலா வீட்டில் நம்பியிருந்தார்கள். துபாயில் இருக்கும் மகள் இரண்டு ஆண்டு ஊருக்கு வராமல் லீவைச் சேர்த்து வைத்திருந்தார். நெற்கதிரைக் கட்டாகக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். மே 15 காலையில் மெசஞ்சரில் கூப்பிட்டேன். கைபேசியைச் சன்னலில் சாய்த்து வைத்துத் திருப்பலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சன்னல் கம்பியில் நாற்பது கிப்பிங் ஒரே சரமாகத் தொங்கியது. எல்லாம் வெள்ளை. நிறமி வாங்கக் கடைக்குப் போக முடியவில்லை என்றார் லோலா. வெறும் அரிசி நிறத்தில் இலைகள், பின்னால் காலியான தெரு. பிறகு அவர் ஒரே ஒரு சொல் சொன்னார்: "சாயாங்."

நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் இந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும், ஆனால் வேறு பொருளில். மலாயில் அது கண்ணே, அன்பே. லுக்பான்காரர்களின் மொழியான தகாலோக்கில் அது, கைக்கு எட்டியது நழுவிவிட்டதே என்னும் வலி. சோறு கொட்டிவிட்டாலும் சாயாங், நன்றாகப் படித்த பிள்ளை பாதியில் நின்றாலும் சாயாங். உங்கள் அக்கா சாப்பாட்டு அறையில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை கேட்டால் கவனியுங்கள்.

இன்னொன்று, பனாத்தா. இது தெரியாமல் பிலிப்பினோ திருவிழா எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் முடிவு. பனாத்தா என்றால் நேர்த்திக்கடன், அப்படியே நம் நேர்த்திக்கடன்தான். குழந்தை பிழைத்தால் வருஷா வருஷம் ஊர்வலத்தில் வெறுங்காலோடு நடப்பேன், விளைச்சல் வந்தால் வாசலை நிறைப்பேன் என்று புனிதரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது. நம் ஊரில் காவடி நேர்ந்துகொண்டவர் தைப்பூசத்தன்று வீட்டில் உட்கார நேர்ந்தால் என்ன பாடுபடுவார் என்று நினைத்துப் பாருங்கள். "அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்" என்றால் அவர் மனம் கேட்காது. கடன்பட்டவர் மனம் அது. லோலாவின் கணவர் ஒரு மழைக்காலத்தில் மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர். அப்போது நேர்ந்துகொண்டது அந்த வீட்டின் பனாத்தா. கணவர் பின்னாளில் போய்ச் சேர்ந்துவிட்டார், கடன் நின்றது.

மணிலாவின் கியாப்போ கோவிலில் ஜனவரி 9-ல் நடக்கும் கறுப்பு நசரேனோ ஊர்வலத்திலும் இதுதான் நடந்தது. சிலுவை சுமக்கும் கருநிற இயேசு சிலையை லட்சக்கணக்கான பேர் வெறுங்காலோடு வடம் பிடித்து இழுக்கும் நாள் அது. சிலையைத் தொட்டு முத்தமிடுவது, கைக்குட்டையால் துடைத்து எடுத்துப்போவதுதான் அங்கே வழிபாடு. 2021-ல் ஊர்வலம் இல்லை, தொடவும் கூடாது. 'பக்தானாவ்' என்று வைத்தார்கள், தூரத்திலிருந்து பார்ப்பது. 2022-ல் அந்த நாளில் கோவிலையே மூடவேண்டி வந்தது. முழு ஊர்வலம் மறுபடி நடந்தது 2024-ல்தான், அதுவும் சிலை கண்ணாடிக் கூண்டுக்குள். செபு தீவின் சினுலோக் என்னும் தெருவாட்டத் திருவிழா இன்னும் பாவம். 2021-ல் தொற்று, அது தணியும் என்று பார்த்தால் 2021 டிசம்பர் 16-ல் ஒடெட் சூறாவளி செபுவையே புரட்டிப்போட்டது, 2022 ஜனவரியிலும் தெருவில் ஆட்டம் இல்லை.

திரையில் திருப்பலி காட்டினார்களே, பழைய ஊர்வலக் காட்சிகளைப் போட்டார்களே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். திருப்பலிக்கு அது ஓரளவு உதவியது, அதை மறுக்க மாட்டேன். 2020 குருத்தோலை ஞாயிறன்று பாதிரிமார் வண்டியில் தெருத்தெருவாகப் போய், வாசலில் ஓலையோடு நின்றவர்களுக்குத் தீர்த்தம் தெளித்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் பஹியாஸைத் திரைக்குள் கொண்டுவர முடியாது. பார்க்க வருகிறவனுக்குத்தான் அது காட்சி. அந்த வீட்டாருக்கு அது விருந்தோம்பும் நாள். 'ஹண்டா' என்பார்கள், விழாவுக்கென்று ஆக்கி வைக்கும் சாப்பாடு. தெரியாதவன் வாசலில் நின்றாலும் "துலோய் போ கயோ", உள்ளே வாங்க, என்று கூப்பிட்டுத் தட்டு கொடுப்பார்கள். தெருவில் பன்சித் ஹப்ஹப் என்று ஒரு நூடுல்ஸ், வாழையிலைத் துண்டில் வைத்துக் காடி ஊற்றிக் கொடுப்பார்கள், கரண்டி கிடையாது, இலையை வாய்க்கு அருகில் தூக்கி அப்படியே உண்ண வேண்டும். முதல் ஆண்டு நான் அந்த வீட்டுக்குள் போனதே இப்படித்தான். மழைக்கு ஒதுங்கி நின்றேன், கூப்பிட்டார்கள். தொற்றுக்காலம் அந்தக் கதவைத்தான் மூடியது. யாரோ ஒருவன் உள்ளே வந்து உண்ணும் வீடு என்பதே அந்த நாட்களில் ஆபத்தாகிவிட்டது.

ரத்து செய்தது சரியா என்று கேட்டால், சரிதான். சந்துபோன்ற தெருக்களில் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து நகரும் விழா அது, ஊரிலோ முதியவர்கள் அதிகம். லோலா வீட்டில் ஒருவர்கூட நடத்தியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவு சரியாக இருந்தால் துக்கம் வரக்கூடாது என்று ஒன்றும் இல்லையே. உங்கள் கேள்வியில் "உலகமே செத்துக்கொண்டிருந்த நேரத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்காவும் அதே நேரத்தில்தான், உங்களோடு சேர்ந்து, சாகும் முதியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது தெரியாமலா இருந்தது? சாவைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஊரில் சாமி வாசலுக்கு வரும் நாள் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு எவ்வளவு பெரிய பிடிமானம் என்று யோசியுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்களுக்கு ஊர்த் திருவிழாவே காலண்டர். நம்மவர்கள் பொங்கலுக்கோ குலசாமி கொடைக்கோ லீவு கேட்பதுபோல அவர்கள் பியெஸ்தாவுக்குக் கேட்பார்கள். 2020-ல் அரசு திருப்பி அழைத்துவந்தவர்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் பலர் தனிமைப்படுத்தும் விடுதிகளில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேலை இருந்தவர்களுக்கோ கிளம்ப வழியில்லை. லோலாவின் மகள் இரண்டாம் வகை. சேர்த்துவைத்த லீவும் வீணாகப் போனது.

பண இழப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிப்பிங் செய்து விற்கும் குடும்பங்கள், லொங்கனிசாக் கடைகள், தொப்பி பின்னுகிறவர்கள், மோட்டார் சைக்கிளோடு பெட்டி இணைத்த டிரைசிக்கிள் ஓட்டுகிறவர்கள், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு வாரம்தான் ஆண்டின் பெரிய வரவு. உழவர் நிலை அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. 2019-ல் அரிசி இறக்குமதியைத் திறந்துவிட்ட சட்டத்துக்குப் பின் நெல் விலை இறங்கியது. 2020 மார்ச், ஏப்ரலில் சாவடிகளைத் தாண்டி மலைக்காய்கறி சந்தைக்குப் போக முடியாமல், தக்காளியைக் கூடைகூடையாகக் கொட்டிய படங்களை நாடே பார்த்தது. விளைச்சலை வாசலில் அடுக்கி நன்றி சொல்லவேண்டிய பருவத்தில் அதைக் குழியில் கொட்டினார்கள். நெல்லோடு வாழ்ந்த எனக்கு அந்த ஆண்டின் எல்லாப் படங்களிலும் அதுதான் அதிகம் வலித்தது.

லுக்பான் இருக்கும் கேசோன் மாகாணத்தில் மே 15 அந்த ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. பக்கத்துத் தயாபாஸில் அன்று சுமான் என்னும் ஒட்டரிசிப் பண்டத்தை, ஓலையில் சுற்றி வேகவைத்தது, வீட்டுச் சன்னல்களிலிருந்து கூட்டத்துக்கு வீசுவார்கள். சரியாயாவில் வாசலில் கட்டிய காய்கனிகளை ஊர்வலம் கடந்ததும் மக்கள் பாய்ந்து பறித்துக்கொள்வார்கள், 'அகவான்' என்றால் பறித்துக்கொள்வதுதான். குமாகாவில் தோரணவாயில் முழுக்க விளைச்சல் தொங்கும். எல்லாவற்றிலும் ஒரே சரடு: விளைந்தது வாசலுக்கு வந்து, அங்கிருந்து அடுத்தவர் கைக்குப் போகும்.

அந்தச் சரடு அறுந்ததா என்றால், முழுதாக அறுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2021 ஏப்ரல் 14-ல் மணிலாவை ஒட்டிய கேசோன் நகரின் (மாகாணம் வேறு, இது வேறு) மஹின்ஹாவா தெருவில் அனா பாட்ரிசியா நோன் என்ற இளம்பெண் ஒரு மூங்கில் வண்டியில் காய்கறியும் அரிசியும் வைத்து ஓர் அட்டை மாட்டினார். இயன்றதைக் கொடுங்கள், தேவைக்கு எடுங்கள் என்பது அதன் சாரம். சில நாட்களில் நாடு முழுக்க அப்படி நூற்றுக்கணக்கான வண்டிகள் முளைத்தன. லாஸ் பான்யோஸிலும் ஒன்று இருந்தது. ஒருநாள் யாரோ ஓர் உழவர் பரங்கிக்காய்களை இறக்கி அழகாக அடுக்கிவிட்டுப் போனார். நோன் பஹியாஸை மனதில் வைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பரங்கிக்காய் அடுக்கு லுக்பான் வீட்டு முகப்பு போலவே இருந்தது, பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

2021 மேயிலும் பஹியாஸ் இல்லை. 2022 மே 15-ல் திரும்பியது. போனேன். கூட்டம், முகக்கவசம், பெரிய காகிதக்கூழ் பொம்மைகள், மழை. ஆனால் ஊர்வலம் லோலாவின் தெருவுக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவின் வீடுகள் நிறத்தில் மினுங்க, அவர் சன்னலில் மறுபடி ஒரு சரம் மட்டும். இந்தத் தடவை நிறம் போட்டிருந்தார்.

அவர் தெருவுக்கு முறை பிறகு வந்தது. அதற்குள் லோலாவுக்குக் கண் நன்றாக மங்கிவிட்டது. மகள் துபாயிலிருந்து வந்திருந்தார். மாவு கலக்கியது பேரன், 2020-ல் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தவன், இப்போது மீசை அரும்பிவிட்டது. உரித்த முதல் கிப்பிங்கைக் கொண்டுவந்து லோலாவின் உள்ளங்கையில் வைத்தான். அவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மகபால்," என்றார். தடிப்பாக இருக்கிறது. பையன் மாவில் இன்னும் தண்ணீர் விடப் போனான். நாலாவது தடவைதான் அவர் தலையாட்டினார்.

உங்கள் அக்காவுக்கு இனி என்ன சொல்வது என்று கேட்டால், எதுவும் சொல்ல வேண்டாம், கேளுங்கள். வீடு எந்தத் தெருவில், கடைசியாக எப்போது முறை வந்தது, யார் கிப்பிங் போடுவார் என்று கேளுங்கள். நீங்கள் நிறுத்தச் சொல்லும்வரை பேசுவார். அடுத்த முறை ஏறக்குறைய எந்த ஆண்டில் வரும் என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு மே இரண்டாம் வாரத்து டியூட்டி பட்டியல் போடும்போது அவருடைய ஷிப்டுகளை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். மே 15-க்கு ஊரில் இருந்தால் மட்டும் போதாது, இலை பறிக்கும் நாளிலிருந்தே அவர் அங்கே இருக்க வேண்டும்.